ஸ்கூபா சாமானுக்கு "ஏர்போர்ட் பர்மிஷன் லெட்டர்"னு யாராச்சும் காசு கேட்டா தயவுசெஞ்சு குடுக்காதீங்க

அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் (காத்து சிலிண்டர் மாட்டிட்டு கடலுக்கு அடில போறது) போறவங்க, அதுலயும் முதல் தடவையா சொந்த சாமான் எடுத்துட்டு போறவங்க இத முழுசா படிச்சிட்டு கிளம்புங்க. போன சீசன்ல எனக்கும் என் தம்பிக்கும் நடந்தது இது.

ரெண்டு வருஷமா அந்தமான்ல இருக்கிற ஹேவ்லாக் தீவுக்கு (இப்போ ஸ்வராஜ் தீப்னு பேரு) போகணும்னு காசு சேத்துட்டு இருந்தோம். வாடகை மாஸ்க்ல தண்ணி பூந்து பூந்து எனக்கு வெறுத்துப் போச்சு, சரி இந்த வாட்டி நம்மளே வாங்கிடுவோம்னு சென்னைல ஒரு கடைக்குப் போனோம். (பேர் போடல, புகார் குடுத்திருக்கேன், அது முடியட்டும்.) மாஸ்க், கால்ல மாட்டுற ஃபின்ஸ், சிலிண்டர்ல இருந்து மூச்சு இழுக்குற ரெகுலேட்டர், ஆழமும் நேரமும் காட்டுற டைவ் கம்ப்யூட்டர், ஒரு டார்ச், கயிறு வலைல மாட்டுனா அறுக்க ஒரு சின்ன கத்தி. இதோட கடைக்காரர் அரை லிட்டர் மினி காத்து சிலிண்டர் ஒண்ண எடுத்து வச்சாரு, 14,000 ரூபா, அவசரத்துக்கு 10 நிமிஷம் காத்து வரும்னாரு, மேல "ஃபிளைட் சேஃப்"னு ஸ்டிக்கர் வேற.

அப்புறம் தான் ஆரம்பிச்சாரு. "மேடம், இந்த சாமான் எல்லாம் செக்யூரிட்டில புடிச்சு வச்சுக்குவாங்க, நாங்க ஏர்போர்ட் பர்மிஷன் லெட்டர் எடுத்து தரோம், 10 கிலோ ஸ்போர்ட்ஸ் லக்கேஜும் அதுலயே வந்துரும், பேக்கிங்கும் நம்ம பசங்களே பண்ணிருவாங்க." அதுக்கு 3,500. டிக்கெட்டும் அவங்களே போட்டாங்க. லெட்டர்ல ஃபிளைட் நம்பர், என் பேரு, வட்டமா ஒரு சீல், எல்லாம் பக்காவா இருந்துச்சு, நான் நம்பிட்டேன்.

காலைல நாலரைக்கு ஏர்போர்ட் போயாச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு லெட்டர ரெண்டு தடவை படிச்சிட்டு "இது யார் குடுத்தது மேடம்?"னு கேட்டுச்சு. அப்படி ஒரு லெட்டரே கிடையாதாம். ஸ்போர்ட்ஸ் லக்கேஜ்னு எதுவும் புக் ஆகல, டிக்கெட்ல இருக்கிறது சாதாரண 15 கிலோ தான், பேக் 23 கிலோ. அங்கயே 4,400 கட்டினோம். தம்பி, "அக்கா, அந்த ஆளுக்கு ஒரு போன் போடு"ங்கறான், அந்த நேரத்துல யாரு எடுப்பா.

அதோட விட்டுச்சா, பேக் உள்ள போன பத்து நிமிஷத்துல என் பேரச் சொல்லி கூப்பிட்டாங்க. ஸ்கேனிங் ரூம்ல பேக்க தொறக்கச் சொன்னாங்க. மொதல்ல சிலிண்டர் வெளிய வந்துச்சு, அதுல இருந்த மீட்டர் முள்ளு 200 பாருக்கு (பார்ங்கறது காத்தழுத்த அளவு) கிட்ட நிக்குது. டெஸ்ட் பண்ணி தரேன்னு கடைல ஃபுல்லா அடச்சு அப்படியே பேக்ல வச்சிருக்காங்க! அடுத்து ஒரு ஜிப் கவர். டார்ச்சோட ஸ்பேர் பேட்டரி நாலு, கேஸ் இல்ல, மூடி இல்ல, டேப் கூட ஒட்டல, அதே கவர்ல ரெண்டு ஆலன் கீ, ஓ-ரிங் (ரப்பர் வாஷர்) எடுக்குற கம்பி ஊசி. அந்த அதிகாரி கவர தூக்கி லைட்டுக்கு நேரா புடிச்சாரு, ஆலன் கீ ரெண்டு பேட்டரி முனைய தொட்டுக்கிட்டு கிடக்குது. "இது ரெண்டு பக்கமும் உரசுனா என்னாகும்னு தெரியுமாம்மா?"னு கேட்டாரு, கோவமா கூட கேக்கல. எனக்கு கை நடுங்கிருச்சு. அந்த பேக்குக்கு மேல எத்தனை பேரு உக்காந்து வர்றாங்க.

2010ல துபாய் பக்கத்துல ஒரு சரக்கு விமானம் எரிஞ்சு விழுந்து ரெண்டு பைலட்டும் செத்துப் போனாங்க, உள்ள ஏகப்பட்ட லித்தியம் பேட்டரி இருந்துச்சு. ஸ்பேர் பேட்டரிய கையோட கொண்டு வாங்கன்னு சொல்றது இந்த மாதிரி தீ ஆபத்துக்காக தான், கேபின்ல புகை வந்தா யாராச்சும் பாத்து அணைக்கலாம், கீழ லக்கேஜ்ல வந்தா கண்ணுக்கே தெரியாது.

சிலிண்டர விட்டுட்டுப் போக வேண்டியதாச்சு. பேட்டரிய ஹேண்ட் பேக்ல மாத்திக்கலாம்னு கேட்டேன், இப்படி மூடி இல்லாம எடுத்துட்டு போக விட மாட்டோம்னுட்டாங்க, வெளிய போய் கேஸ் வாங்கிட்டு வர நேரமும் இல்ல, அதுவும் போச்சு. சரி முடிஞ்சுதுன்னு செக்யூரிட்டிக்கு வந்தா, ஹேண்ட் பேக்ல ரெகுலேட்டர் பையோட சைடு ஜிப்ல அந்த கத்தி! கீழ போக வேண்டிய கத்தி மேல, மேல வர வேண்டிய பேட்டரி கீழ. காசு வாங்கிட்டு சரியா தலைகீழா பேக் பண்ணிருக்காங்க. ரெகுலேட்டர் டியூப் எல்லாம் ஸ்கிரீன்ல பாம்பு மாதிரி தெரிஞ்சதால என்னன்னு கேட்டாங்க, இது கடலுக்கு அடில மூச்சு விடுறதுன்னு எடுத்துக் காட்டினேன், பாத்துட்டு விட்டுட்டாங்க. எந்த லெட்டரும் கேக்கல.

உண்மையில நம்ம செய்ய வேண்டியது இவ்ளோ தான், யாருக்கும் காசு குடுக்க தேவையில்ல. ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், மாஸ்க் கையோட. கத்தி, கட்டர், டூல் எல்லாம் செக்-இன்ல. ஸ்பேர் பேட்டரி ஒவ்வொண்ணும் தனித்தனி பிளாஸ்டிக் கேஸ்ல, கையோட. டார்ச்சுல இருக்கிற பேட்டரியையும் கழட்டிருங்க, டைவ் டார்ச் தெரியாம ஆன் ஆனா தண்ணிக்கு வெளிய பயங்கரமா சூடாகும். பேட்டரி மேல போட்டிருக்கிற வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்க, என்னோடது 3.6 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர், அப்போ 18 வாட் ஹவர், 100 வரைக்கும் யாரையும் கேக்க வேண்டியதில்ல, 100ல இருந்து 160க்குள்ளன்னா ஏர்லைன் கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், அதுக்கு மேலன்னா எடுக்கவே எடுக்காதீங்க. சிலிண்டர், தண்ணில முங்குறதுக்கு இடுப்புல கட்டுற ஈய வெயிட் எல்லாம் போற இடத்துலயே இருக்கு, இங்கேர்ந்து சுமக்காதீங்க. காலி சிலிண்டர்னா கூட வால்வ கழட்டி உள்ள பாக்குற மாதிரி இருக்கணும், அப்பவும் அந்த ஏர்லைன் ஒத்துக்கணும்.

இதெல்லாம் காசோட போச்சு. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காதது வேற விஷயத்துக்கு. ஹேவ்லாக்ல எங்க இன்ஸ்ட்ரக்டர் ரிட்டர்ன் டிக்கெட் எப்பன்னு கேட்டாரு, காட்டினேன். கடைக்காரர் போட்டுக் குடுத்த பிளான் படி கடைசி நாள் ரெண்டு டைவ், தண்ணிய விட்டு ஏறவே மத்தியானம் ரெண்டு மணி ஆகும், போட்ல போர்ட் பிளேர் (இப்போ ஸ்ரீ விஜயபுரம்) வந்து மறுநாள் காலைல 7 மணிக்கு ஃபிளைட். 17 மணி நேரம் தான். "நாலு நாள் தொடர்ந்து டைவ் பண்ணிட்டு 18 மணி நேரமாவது கழியாம பறக்கக் கூடாது, நான் 24 பாப்பேன், உங்கள கடைசி நாள் தண்ணில இறக்க மாட்டேன் சிஸ்டர்"னு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. ஃபிளைட் உள்ள காத்தழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துல நிக்கிற மாதிரி தான் இருக்கும், டைவ் பண்ணும்போது ஒடம்புல தங்கியிருக்கிற நைட்ரஜன் அங்க குமிழா மாறினா மூட்டு வலில ஆரம்பிச்சு பக்கவாதம் மாதிரி வரைக்கும் போகலாம். கோர்ஸ்ல இத படிச்சவ தான் நான், ஆனா டிக்கெட்ல நேரத்த எண்ணிப் பாக்கல. டைவிங் சாமான் விக்கிறவருக்கு இது தெரியாம இருக்குமா?

அந்த மினி சிலிண்டர் கதையும் எங்க இன்ஸ்ட்ரக்டர் தான் கணக்கு போட்டு காட்டினாரு. அரை லிட்டர், 200 பார், மொத்தமே 100 லிட்டர் காத்து. பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு, அப்போ 50 லிட்டர் மாதிரி தான். நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுத்தா ரெண்டரை நிமிஷம், பயத்துல இருந்தா அதுவும் இல்ல. 10 நிமிஷம்னு நம்பி யாராச்சும் கீழ போனா?

ஊருக்கு வந்ததும் கடைக்குப் போனேன். "அது ஏர்லைன் பிரச்சனை மேடம், எங்களுக்கு சம்பந்தமில்ல"ன்னு சொல்லிட்டாரு, பில் கேட்டா சிலிண்டருக்கு மட்டும் இருக்கு, 3,500க்கு இல்ல. நல்லவேளை ஜிபே பண்ணிருந்தேன். 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிஞ்சேன், அந்த லெட்டரும் எக்ஸ்ட்ரா லக்கேஜ் ரசீதும் அனுப்பியாச்சு, பதிலுக்கு காத்துட்டு இருக்கேன்.

போன வாரம் தம்பி அந்தப் பக்கம் போயிருக்கான். அதே சிலிண்டர், அதே ஸ்டிக்கரோட, கல்லாவுக்கு பக்கத்துலயே வச்சிருக்காங்களாம், ஒரு காலேஜ் பையன் கைல எடுத்து பாத்துட்டு இருந்தானாம். இவன் போய் அந்தப் பையன வெளிய கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டு வந்திருக்கான்.