மெனுவிலிருந்து திறக்கும் நிரல்களுக்குப் 'பாத்' அமைத்தல்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் டிடிபி கடையில், கணக்கு வினாத்தாள்கள் அனைத்தையும் உபுண்டு (லினக்ஸ்) கணினிகளில் லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் கொண்டே தயாரிக்கிறோம். லேட்டெக் அடங்கிய தொகுப்பாக ஆண்டுதோறும் வெளிவரும் டெக் லைவை அதன் சொந்த நிறுவியால் நிறுவும்போது, ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கும் ஸீலேட்டெக் (xelatex) முதலிய கட்டளைகள் '/யூஎஸ்ஆர்/லோக்கல்/டெக்லைவ்/2024/பின்' போன்ற அடைவுக்குள் சென்றுவிடுவதால், அதற்குள் இருக்கும் கணினிவகைத் துணை அடைவை, கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் 'பாத்' (PATH) மாறியில் சேர்த்தாக வேண்டும்.

இதற்குப் பலரும், டெர்மினலில் தட்டும் கட்டளைகளை ஏற்று இயக்கும் 'பேஷ்' என்ற ஷெல்லின் 'பேஷ்ஆர்சி' (.bashrc) கோப்பில், அடைவைப் 'பாத்'தில் சேர்க்கும் ஒரு வரியை எழுதச் சொல்வார்கள். டெர்மினலில் அது போதும். ஆனால் லேட்டெக் ஆவணங்களை எழுத உதவும் டெக்ஸ்டூடியோவை மெனுவில் சொடுக்கித் திறந்து, ஆவணத்தை உருவாக்க எஃப்5 அழுத்தினால், கட்டளையைத் தொடங்க முடியவில்லை என்றே பிழை வரும். டெர்மினலில் திறக்கும் பேஷ் மட்டுமே அந்தக் கோப்பைப் படிக்கிறது என்பதும், மெனுவில் திறக்கும் நிரல் நாம் லாகின் செய்தபோது அமைந்த சூழலையே பெறுகிறது என்பதும்தான் காரணம். ஆகவே அந்த வரி இருக்க வேண்டிய இடம், முகப்பு அடைவில் உள்ள 'டாட் புரொஃபைல்' (.profile) கோப்பு. சேர்த்தபின் லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வர வேண்டும். 'பேஷ்_புரொஃபைல்' என்றொரு கோப்பும் இருந்தால், லாகின் பேஷ் அதைப் படித்துவிட்டு 'டாட் புரொஃபைலை' விட்டுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பேஷுக்குப் பதிலாக ஸீஷெல் (zsh) பயன்படுத்தும் கணினியில், 2017இல், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 233ஆம் பதிப்புடன் வந்த 'என்விரான்மென்ட்.டி' முறை எனக்கு நிறைவாக இருக்கிறது. 'டாட் கான்ஃபிக்' அடைவுக்குள் அப்பெயரில் ஓர் அடைவு உருவாக்கி, '.கான்ஃப்' என முடியும் கோப்பில் பெயர், சமக்குறி, மதிப்பு என்று மட்டும் எழுத வேண்டும். 'எக்ஸ்போர்ட்' போன்ற ஷெல் கட்டளைகளுக்கு அங்கே இடமில்லை.

பாதையிலேயே ஆண்டு எண் இருப்பதுதான் உண்மையான தொல்லை. அதனால் '/ஆப்ட்/டெக்பின்' என்ற சிம்லிங்க்கை (வேறோர் அடைவைச் சுட்டும் இணைப்பை) அந்தந்த ஆண்டின் அடைவுக்குச் சுட்டி, 'பாத்'தில் அதை மட்டுமே எழுதியிருக்கிறேன். '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' அடைவில் இணைப்புகளை உருவாக்க நிறுவியிலேயே வசதி உண்டு என்றாலும், பழைய வினாத்தாளைப் பழைய பதிப்பில் திறக்க நேரும்போது ஒரே இணைப்பை மாற்றுவது எளிது. பர்கூரிலிருந்து ஆசிரியை ஒருவர் கொண்டுவரும் மேக்புக்கில் இந்த வேலையே இல்லை. மேக் கணினிக்கான டெக் லைவ் தொகுப்பான மேக்டெக் '/லைப்ரரி/டெக்/டெக்பின்' என்ற நிலையான இணைப்பைத் தானே அமைத்துவிடுகிறது.

அமைத்ததைச் சரிபார்க்க டெர்மினலில் 'எக்கோ' கட்டளையால் 'பாத்'தை அச்சிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அது டெர்மினலின் பாதையையே காட்டும். டெக்ஸ்டூடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது 'பிட்ஆஃப்' (pidof) கட்டளையால் அதன் செயல்முறை எண்ணை அறிந்து, '/ப்ராக்' அடைவில் அந்த எண்ணுக்குக் கீழுள்ள 'என்விரான்' கோப்பைப் படித்தால், தொடங்கியபோது நிரலுக்குக் கிடைத்த 'பாத்' அப்படியே தெரியும். அங்கு நம் அடைவு இல்லையென்றால், லாகின் சூழலுக்கே அது வந்து சேரவில்லை என்று பொருள்.