பணக் கணக்கில் கெட்டி, மணிக் கணக்கில் சொதப்பல்: விளம்பர விற்பனை மேசையில் எக்செல்

தமிழ் சேனல் ஒன்றின் மும்பைக் கிளையில், அந்தேரியோ லோயர் பரேலோ, விற்பனை உதவியாளராகச் சேர்கிறவருக்கு முதல் நாள் கையில் கிடைப்பது ஒரு நாற்காலியும் எக்செலும்தான். விளம்பர ஏஜென்சியின் ஆர்.ஓ. (ரிலீஸ் ஆர்டர், விளம்பரம் ஓட்டச் சொல்லும் ஆணை) எக்செலில் வரும். ஒளிபரப்பு லாக் (என்ன, எப்போது ஓடியது என்ற பதிவு) எக்செலில் வரும். விளம்பரம் ஓடியதற்குச் சான்றாகப் பில்லோடு போகும் டெலிகாஸ்ட் சர்டிஃபிகேட்டும் (டி.சி.) அதில்தான் தயாராகும். ஷெட்யூலிங்குக்குத் தனி மென்பொருள் இருந்தாலும் அதன் சாவி பெரும்பாலும் விளம்பரங்களை அட்டவணையிடும் சென்னை டிராஃபிக் பிரிவிடம். ஆக, இந்த மேசைக்கு எக்செல் எவ்வளவு தேறும்?

பணக் கணக்கில் குறை சொல்ல முடியாது. 10 வினாடி (ஒரு யூனிட்) ரேட் 2,500; 20 வினாடி ஸ்பாட், அதாவது ஒரு தடவை ஓடும் விளம்பரம், 40. மொத்தம் 800 வினாடி, அதாவது 80 யூனிட், 2,00,000 ரூபாய். ஏஜென்சி கமிஷன் 15 சதவீதம் போக 1,70,000. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 30,600 சேர்த்தால் பில் 2,00,600. மகாராஷ்டிர ஜி.எஸ்.டி. எண்ணிலிருந்து மும்பை ஏஜென்சிக்குப் பில் என்றால் வரியை மத்திய, மாநிலப் பங்காக 9, 9 என்று பிரிக்க வேண்டும். சென்னை எண்ணிலிருந்து என்றால், மாநிலம் தாண்டுவதால், மொத்தமும் ஐ.ஜி.எஸ்.டி. ஒரு தடவை ஷீட் போட்டு வைத்தால் வருடம் முழுக்க ஓடும்.

சறுக்குவது எஃபெக்டிவ் ரேட்டில், அதாவது ஒரு யூனிட்டுக்கு உண்மையில் கிடைக்கும் சராசரிப் பணத்தில். பிரைம் டைம் 5 ஸ்பாட் 6,000 ரேட்டில், மற்ற நேரம் 45 ஸ்பாட் 1,000 ரேட்டில், எல்லாமே 20 வினாடி. இரண்டு வரிகளுக்கும் ஆவரேஜ் போட்டால் 3,500 என்று காட்டும், மேனேஜரும் குளிர்ந்துவிடுவார். உண்மையில் 1,50,000 ரூபாயை 100 யூனிட்டால் வகுக்க வேண்டும், வருவது 1,500. மொத்தப் பணத்தை மொத்த யூனிட்டால் வகுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இலவசமாகத் தரும் போனஸ் ஸ்பாட்டின் வினாடிகளும் அந்த மொத்தத்தில் சேர வேண்டும். விட்டுவிட்டால் ரேட் பொய்யாக ஏறும். அடுத்த வருட டீலில் ஏஜென்சி தன் கணக்கை எடுத்து நீட்டும்போது பதில் இருக்காது.

மணி விஷயத்தில்தான் எக்செல் கவிழ்க்கிறது. டி.வி. பார்வையை அளக்கும் பார்க் (BARC) அமைப்பு தரும் டேட்டாவில் நாள் என்பது 2 மணி முதல் 26 மணி வரை. நள்ளிரவு தாண்டி 1:30 என்றால் அங்கே 25:30, தேதி முந்தைய நாளுடையது. ஆனால் சேனலின் ஒளிபரப்பு லாக் அதை மறுநாள் தேதியில் 01:30 என்றே எழுதும். எக்செலுக்கு 25:30 என்பது ஒரு முழு நாளும் ஒன்றரை மணி நேரமும். செல் சாதாரண மணி ஃபார்மட்டில் இருந்தால் 01:30 என்று காட்டிவிட்டு உள்ளே வேறு எண்ணை வைத்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஃபார்முலாவுக்கு வேறு. இரவுப் படத்தில் போன ஸ்பாட்டெல்லாம் ‘மிஸ்ஸிங்’ என்று வருவது இதனால்தான்.

தீர்வு இரண்டு நெடுவரிசை. லாக்கின் தேதியையும் மணியையும் கூட்டி, அதில் 2/24 கழித்து, பின்னத்தை வெட்டும் இன்ட் (INT) போடுங்கள்: ஒளிபரப்பு நாள் கிடைக்கும். கூட்டிய எண்ணிலிருந்து அந்த நாளைக் கழித்தால் 26 மணிக் கணக்கில் நேரம். கஸ்டம் ஃபார்மட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள், [h]:mm என்று, வைத்தால் 24-ஐத் தாண்டியும் சரியாகக் காட்டும். சேனலின் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கினால் 2-க்குப் பதில் 6.

ஸ்பாட் நீளத்தை 0:20 என்று அடிக்கவே கூடாது. எக்செல் அதை இருபது நிமிடமாக எடுத்துக்கொள்ளும். வெறும் 20 போதும். லாக்கில் ஃபிரேமும் சேர்ந்து 00:00:20:00 என்று வந்தால் அது வெறும் எழுத்து. லெஃப்ட் (LEFT) போட்டு முதல் எட்டு எழுத்தை எடுத்து, 86,400-ஆல் பெருக்கினால் வினாடி.

தேதி இன்னொரு கண்ணிவெடி. கணினியின் ரீஜன் அமெரிக்காவாக இருந்தால், ஏஜென்சியின் சி.எஸ்.வி.யில் 03/07 என்ற ஜூலை 3 சத்தமில்லாமல் மார்ச் 7 ஆகிவிடும். 13-ஆம் தேதி முதல் எழுத்தாக நின்று இடது பக்கம் ஒட்டும். ஒரே நெடுவரிசையில் பாதி வலம், பாதி இடம் என்று பார்த்தாலே உஷாராகுங்கள். கன்ட்ரோல் பேனலில் இந்தியா வைத்துவிட்டு ஃபைலை மறுபடி இறக்குங்கள். திறந்த பிறகு மாற்றினால் புரண்ட தேதி புரண்டதுதான்.

விளம்பரத்தின் அடையாள எண்ணான டேப் ஐ.டி. 00457 என்றால் முன் சுழியம் போய்விடும். ஒட்டும் முன்பே நெடுவரிசையை டெக்ஸ்டாக்குங்கள். அப்படியும், நிபந்தனைப்படி எண்ணும் கவுன்ட்இஃப்ஸ் (COUNTIFS) 00457-ஐயும் 457-ஐயும் ஒன்றென்றே எண்ணும். முன்னால் ஓர் எழுத்து சேர்ப்பதே பத்திரம். தமிழில் எழுதிய கேப்ஷன்கள் சாதாரண சி.எஸ்.வி.யில் கேள்விக்குறிகளாகிவிடும்; யு.டி.எஃப்-8 வகையில் சேமியுங்கள்.

டி.சி. சரிபார்ப்புக்கு கவுன்ட்இஃப்ஸ் நல்ல வேலைக்காரன்: டேப் ஐ.டி., ஒளிபரப்பு நாள், பேண்டின் (ஒப்புக்கொண்ட நேர இடைவெளியின்) தொடக்கம், முடிவு என்று நான்கு நிபந்தனை. ஆர்.ஓ.வில் 20:00–21:00, ஸ்பாட் போனது 21:00:04. சீரியல் இழுத்துவிட்டது, பிரேக் தள்ளிப் போனது. நாலே வினாடிதான், ஆனாலும் ஏஜென்சி அந்த ஸ்பாட்டைப் பில்லில் வெட்டும். இதை மாதக் கடைசியில் கண்டுபிடித்தால் மேக்குட், அதாவது ஈடாக இன்னொரு ஸ்பாட், கொடுக்க நாள் இருக்காது. தினமும் காலையில் முந்தைய நாள் லாக்கை ஓட்டிப் பார்ப்பவருக்கு மறுநாளே ஈடு செய்ய வாய்ப்பு உண்டு.

இன்வென்டரிக்கு, அதாவது விற்க இருக்கும் விளம்பர நேரக் கணக்குக்கு, மட்டும் எக்செலை நம்பாதீர்கள். கேபிள் டி.வி. விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 10 நிமிடம், சேனலின் சொந்த புரொமோ 2 நிமிடம். அந்த 600 வினாடியை ஷீட்டில் போட்டு டேட்டா வேலிடேஷன் வைத்தாலும், அடிப்பதைத்தான் அது தடுக்கும். காப்பி செய்து ஒட்டினால் கண்டுகொள்ளாது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் மும்பை ஒரு காப்பியில், சென்னை ஒரு காப்பியில் அதே 8 மணி பிரேக்கை விற்பது இப்படித்தான். இரண்டு நகைக்கடை விளம்பரம் அடுத்தடுத்து விழுந்தாலும் ஷீட் வாய் திறக்காது. ஒன்டிரைவில் சேர்ந்து வேலை செய்தாலும், கூகுள் ஷீட்ஸுக்கு மாறினாலும் எல்லாரும் ஒரே எண்ணைப் பார்க்கலாம், அவ்வளவே. பிரேக்கை யாரும் ‘பிடித்து’ வைக்க முடியாது. டிராஃபிக்கிடமிருந்து கன்ஃபர்மேஷன் மெயில் வரும் வரை ஏஜென்சிக்கு ‘ஆகட்டும்’ சொல்லாதீர்கள்.

வாங்குவதானால் எக்செல் 2021-ஓ அதற்குப் பிந்தையதோ, அல்லது 365. பட்டியலில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) அவற்றில்தான் உண்டு. பழையதில் அதே வேலை செய்யும் விலுக்கப்பின் (VLOOKUP) கடைசி இடத்தில் ஃபால்ஸ் (FALSE) போட மறந்தால், வேறொரு டேப்பின் ரேட்டை எடுத்துவந்து சாதுவாக நிற்கும்.