பாடமா, ட்ரில்லா, நடந்து காட்டுறதா? திருகோணமலைப் பிள்ளையளுக்கு எது உதவும்

மகள் தரம் 3 படிக்கிறா. போன மாசம் பள்ளிக்கூடத்தில அனர்த்த ஒத்திகை வச்சவை, பெற்றோரும் வரலாம் எண்டதால நானும் போய் நிண்டன். பெல் அடிச்சு எல்லாப் பிள்ளையளும் வரிசையா கிரவுண்டுக்கு வருதுகள், அதுக்குள்ள ஒரு சின்னவன் தண்ணிப் போத்தலை விட்டுட்டன் எண்டு திரும்ப வகுப்புக்குள்ள ஓடிட்டான், ஒருத்தரும் கவனிக்கேல்ல. அண்டைக்கு இரவு முழுக்க அதே யோசினைதான்: சுனாமி மாதிரி ஒண்டு வந்தா பிள்ளையளைக் காக்கிறது வகுப்புப் பாடமா, இந்த ட்ரில் எண்ட ஒத்திகையா, வீட்டில வழியை நடந்து காட்டுறதா?

முதல்ல பாடம். சுற்றாடல் பாடத்தில படம் கீறி சொல்லிக் குடுக்கிறது லேசு, செலவும் இல்ல. அது வீண் எண்டு நான் சொல்ல மாட்டன். 2004 சுனாமியில தாய்லாந்து புக்கெட்டில டில்லி ஸ்மித் எண்ட 10 வயசுப் பிள்ளை ரெண்டு கிழமைக்கு முதல் வகுப்பில படிச்சதை வச்சுத்தான் கடல் மாறுறதைக் கண்டுபிடிச்சு, அந்தக் கடற்கரையில நிண்ட ஆக்களைக் காப்பாத்தினது. ஆனா ஒண்டு, "கடல் உள்ள போனா ஓடு" எண்டு மட்டும் படிப்பிச்சா எங்கட பக்கத்துக்குக் காணாது. தாய்லாந்துப் பக்கம் கடல் முதல்ல வத்தினது, இலங்கைப் பக்கம் முதல் வந்ததே ஏறி வந்த தண்ணி. நிலமும் எங்களுக்கு ஆடினமாதிரித் தெரியேல்ல, சுமாத்திராவில ஆடி ஏறக்குறைய 2 மணித்தியாலத்தால அலை இஞ்ச வந்திட்டு. கடல் வத்தும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும்?

அடுத்தது ட்ரில். தீப்பிடிச்சா இதை விட நல்லது ஒண்டும் இல்ல, பதறாம வெளியில வரப் பழகுங்கள், டீச்சரும் தலை எண்ணப் பழகுவா. ஆனா 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா எண்ட பௌர்ணமி விடுமுறையும் கூட. பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளை இல்ல. பெல் அடிக்க ஆரும் இல்ல. அதோட சுனாமிக்கு கிரவுண்ட் பாதுகாப்பும் இல்ல. 2011ல ஜப்பான்ல ஒக்காவா ஆரம்பப் பள்ளியில 74 பிள்ளையள் செத்தது, நிலம் ஆடினாப் பிறகு 50 நிமிசமளவு முத்தத்திலயே வச்சிருந்தபடியாத்தான், பக்கத்தில மலை இருந்தும். அதே நாள் கமாயிஷி எண்ட ஊர்ல பெரிய வகுப்புப் பிள்ளையள் சின்னதுகளையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடி, அந்த இடமும் போதாது எண்டு இன்னும் மேல ஓடித் தப்பினதுகள். ரெண்டும் ட்ரில் பழகின ஒரே நாட்டிலதான் நடந்தது.

மூண்டாவதுதான் எனக்குப் பிடிச்சது, வீட்டில கதை சொல்லி, வழியை நடந்து காட்டுறது. சுமாத்திராவுக்குப் பக்கத்தில இருக்கிற சிமுலுவே தீவில 1907ல வந்த அலையைப் பெரியாக்கள் பரம்பரையா சொல்லிச் சொல்லியே வச்சிருந்தவை, "ஸ்மொங்" எண்டு பேர். 2004ல நடுக்கத்துக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் தீவு முழுக்க 7 பேர்தான் இறந்தது. எங்கட வீட்டிலயும் அம்மம்மா இருக்கிறா, கிண்ணியாவில தன்ர தங்கச்சி வீட்டுக் கூரையில ஏறி நிண்டதைச் சொல்லுவா. முந்தி பிள்ளைக்குப் பயம் எண்டு நான்தான் தடுத்தனான், அது என்ர பிழை.

இதிலயும் ஒரு குறை இருக்கு. கதையைக் கேட்டிட்டு மகள், எங்கட ஊரில மேடான இடமான உவர்மலையை நினைச்சு, "அப்பா, புயல் வந்தாலும் உவர்மலைக்கு ஓடுறதா?" எண்டு கேட்டா. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கால கரை ஏறினது, அண்டைக்கு வெளியில ஓடினா தகரம் வெட்டியிருக்கும். புயலுக்கு உறுதியான கட்டடத்துக்குள்ள இருக்கிறது, சுனாமிக்கு மேட்டுக்கு ஓடுறது, இதை வேற வேற நாளில சொல்லுங்கோ, ஒரே நாளில சொன்னா குழம்பிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர அவசர நம்பர் 117ஐயும் வீட்டு விலாசத்தையும் பாடமாக்கச் சொல்லுங்கோ.

ட்ரில்லை நிப்பாட்டச் சொல்லேல்ல, ஆனா பெற்றோருக்கு ஒண்டுக்குத்தான் நேரம் எண்டா நடவுங்கோ. நாங்கள் கடலுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறம். போன ஞாயிறு காலம்பற மகளோட உவர்மலைக்கு நடந்தன், தனியப் போனா எனக்கு 15 நிமிசம், அவவின்ர நடைக்கு 22. நான் கணக்குப் போட்டு வச்சிருந்த குறுக்கு வழியில ஒரு கேட், ஞாயிற்றுக்கிழமையில பூட்டி வைக்கிறவையாம். இவ்வளவு வருசம் இஞ்ச இருந்தும் எனக்குத் தெரியாது. மகள் அந்த இடத்தில தன்ர கொப்பி மேப்பில சிவப்புப் பென்சிலால பெரிசா ஒரு குறுக்குக் கோடு போட்டுட்டு, சுத்து வழியால என்னைக் கூட்டிக்கொண்டு போனா.