ஜெர்பிலுக்குப் பாக்கெட் தீனியா, கீழமாசி வீதிக் கம்பா?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு தானியக் கடையில் நின்று கம்பு, தினை, சோளம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். "சமைக்கவா, விதைக்கவா?" என்று கேட்டார் அண்ணாச்சி. "எலிக்கு" என்றேன். அவர் கை தானாக எலிமருந்து இருந்த தட்டுப் பக்கம் போனது. அது வளர்க்கிற எலி என்று நான் விளக்கி முடிப்பதற்குள், பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவர் முதலில் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜெர்பில் மங்கோலியாவிலும் வடசீனாவிலும் வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் பிராணி. நம் மானாவாரிக் காடுகளில் திரியும் வெள்ளெலிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். (ஹாம்ஸ்டர் என்ற இன்னொரு வளர்ப்புப் பிராணியை வெள்ளெலி என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு.) வளர்ந்த ஜெர்பில் 60 முதல் 100 கிராம் எடை இருக்கும். நாளைக்கு 5 முதல் 8 கிராம் தீனி போதும். அந்தத் தீனியில் புரதம் 12 முதல் 16 சதவீதமும், கொழுப்பு 6 முதல் 8 சதவீதமும் இருந்தால் சரி. எந்தத் தீனியையும் நான் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் நிறுக்கிறேன்.

மதுரையில் வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனால் முதலில் கையில் கொடுப்பது ஹாம்ஸ்டர் படம் போட்ட விதைக் கலவை. ஜெர்பிலுக்கென்று தனியாகக் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். நானும் ஆறு மாதம் அதைத்தான் போட்டேன். பாக்கெட்டின் பின்னால் அச்சிட்ட சதவீதங்கள் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. ஆனால் அந்தச் சதவீதம் பாக்கெட்டுக்குத்தான், என் எலிகளுக்கு இல்லை. என் வீட்டிலிருந்த இரண்டும் கிண்ணத்தைக் கிளறி, சூரியகாந்தி விதையைத் தின்றுவிட்டு, தானியத்தையும் பச்சை உருண்டைகளையும் தின்னாமல் கூண்டில் பரப்பிய மெத்தைத் தூளுக்குள் ஒதுக்கிவிடும். கிண்ணம் காலியாக இருக்கிறதே என்று நான் மேலும் ஒரு கரண்டி போடுவேன். மறுபடியும் சூரியகாந்தி. உரித்த சூரியகாந்திப் பருப்பில் பாதி கொழுப்பு. கால்சியமோ மிகக் குறைவு. 72 கிராம் இருந்த பெரியவள் 96 கிராமுக்குப் போன பிறகுதான், மெத்தைத் தூளுக்கு அடியில் ஒரு கைப்பிடிக் கோதுமை புதைந்து கிடப்பதைப் பார்த்தேன்.

இன்னொரு தொல்லை வெயில். சித்திரை மாதத்து மதுரையில் எண்ணெய் விதைகள் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எப்போது வந்து எத்தனை மாதம் அலமாரியில் கிடந்த பாக்கெட் என்பது நமக்குத் தெரியாது. பிரித்ததும் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பழைய நல்லெண்ணெய்ப் பாத்திரம் போல வாடை வந்தால் குப்பைக்குத்தான்.

பெல்லட்டில் இந்தப் பொறுக்கல் வேலை நடக்காது. எல்லாச் சத்தையும் அரைத்து ஒரே அச்சில் அழுத்தியது, எந்தத் துண்டைத் தின்றாலும் ஒன்றுதான். தாதுவும் வைட்டமினும் கணக்காகச் சேர்ந்திருக்கும். குட்டி போட்ட ஜெர்பிலுக்கும் வளரும் குட்டிகளுக்கும் இதைவிட நம்பிக்கையான தீனி கிடையாது என்பேன். குறை, ஜெர்பிலின் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும். தோண்டி, தேடி, உமி உரித்து, மீதியைப் புதைத்து வைப்பதுதான் அதன் நாள். பெல்லட் அந்த வேலையை எல்லாம் பறித்துவிடுகிறது. நமக்குப் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது முயல் பெல்லட். அதில் நார் அதிகம், ஜெர்பிலுக்கு அது உணவாகாது. எலி வகைகளுக்கான பெல்லட் என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று கோழித் தீவனத்தைப் போட நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். அதில் நோய்த் தடுப்பு மருந்து கலந்தவை உண்டு.

இனி அண்ணாச்சியின் கேள்வி. விதைப்பதற்கென்று விற்கும் கம்பிலும் சோளத்திலும் பூச்சி, பூஞ்சாண மருந்து கலந்திருப்பார்கள். பெரும்பாலும் சிவப்போ நீலமோ சாயம் ஏறியிருக்கும். அது விஷம். சமைக்க விற்பதில் இன்னொரு சிக்கல்: தினையும் சாமையும் குதிரைவாலியும் உமி நீக்கிய அரிசியாகத்தான் வரும். மனிதருக்கு அது வசதி. ஜெர்பிலுக்கு உமியோடு வேண்டும். உரிப்பது அதற்கு வேலை, பொழுதுபோக்கு எல்லாம். ஆகவே தினையைப் பறவைத் தீனி விற்கும் இடத்தில் வாங்கி, தூசி போகப் புடைத்துக்கொள்கிறேன். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் களத்திலிருந்தே உமியோடு குதிரைவாலி கிடைக்கும். அந்த அதிர்ஷ்டம் எனக்கு வருடத்தில் ஒருமுறை.

என் கணக்கு 500 கிராமுக்கு. கம்பு 150, உமித்தினை 100, வெள்ளைச் சோளம் 50, கோதுமை 50, பொட்டுக்கடலை 75, கேழ்வரகு 25, பூசணி விதையும் ஆளி விதையும் சூரியகாந்தியும் சேர்த்து 25, நிழலில் உலர்த்திய முருங்கை இலை, கொத்தமல்லித் தழை 25. கூட்டிப் பார்த்தால் புரதம் 13 சதவீதத்துக்குப் பக்கம், கொழுப்பு 6 சதவீதத்துக்குப் பக்கம் வருகிறது. புரதத்தைத் தூக்கிக் கொடுப்பது பொட்டுக்கடலை. வறுத்ததுதான் வேண்டும், வறுக்காத, வேகாத பயறு வகைகள் ஆகாது. கொஞ்சமே சேர்த்தாலும் கேழ்வரகுக்குக் காரணம் உண்டு: 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, கம்பில் 30-ஐ எட்டாது. வேர்க்கடலையை நான் சேர்ப்பதில்லை. கொழுப்பு ஒரு பக்கம், பூசணம் பிடித்த கடலையின் நச்சு இன்னொரு பக்கம். இரண்டு ஜெர்பிலுக்கு நாளைக்கு 15 கிராம் என்றால் இந்த அரைக்கிலோ ஒரு மாதத்துக்குக் காணும். ஒரு பாக்கெட் விலையில் இதைப் பல தடவை கலக்கலாம். கலந்ததும் மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டு பிடிக்காது. அம்மா வசம்பு போடச் சொன்னார்; அரிசிக்குப் போடட்டும், இதற்கு நான் சம்மதிக்கவில்லை.

இதைப் படித்ததும் வீட்டுக் கலவை முழு உணவு என்று யாராவது நினைத்தால் அது என் தப்பாகிவிடும். தானியத்தில் பி12 கிடையாது, டி வைட்டமினும் கிடையாது, கேழ்வரகைச் சேர்த்தும் கால்சியம் சற்றே குறைச்சல்தான். வாரம் ஒருமுறை சுண்டைக்காய் அளவு வேகவைத்த முட்டை தருகிறேன், உப்பில்லாமல். பச்சைக் காய் என்றால் ஒரு சின்னத் துண்டு கேரட், வெள்ளரி; வெங்காயமும் பூண்டும் எலுமிச்சையும் கூடாது. கருவாட்டுத் தலையைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். அதிலிருக்கும் உப்புக்கு அந்தப் பிராணி என்ன பாடுபடும்?

எனவே என் பொட்டலத்தில் இப்போது நான்கில் மூன்று பங்கு வீட்டுக் கலவை, ஒரு பங்கு பெல்லட். கிண்ணத்தை எடுத்துவிட்டு மெத்தைத் தூளின் மேல் தூவிவிடுகிறேன். கோதுமையும் பெல்லட்டும் தீரும்வரை அடுத்த கை விழாது. சமையலறைத் தராசில் ஞாயிறுதோறும் எடை பார்க்கிறேன். பெரியவள் மூன்று மாதத்தில் 81-க்கு இறங்கியிருக்கிறாள். தராசு வாங்கவோ, கிளறித் தேடவோ பொறுமை இல்லாதவர்கள் பெல்லட்டோடு நின்றுகொள்வதே நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விதைப் பாக்கெட்டை மட்டும் தனித் தீனியாக யாருக்கும் நான் சொல்வதில்லை. ஏற்கனவே வாங்கி வைத்திருந்தால் சூரியகாந்தியைப் பொறுக்கித் தனியே வைத்து, கையில் பழக்கும்போது ஒன்றிரண்டாகக் கொடுங்கள்.

மாற்றுவதை ஒரே நாளில் செய்யாதீர்கள். முதல் மூன்று நாள் பழைய தீனியில் கால் பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால். புழுக்கை இளகினால் ஒரு படி பின்னால் வந்து, இரண்டு நாள் பச்சைக் காயை நிறுத்துங்கள். மறுநாளும் கெட்டிப்படாவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இவ்வளவு சின்ன உடம்புக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கே அதிகம்.