மார்ச் 2028 வரை ஒரு ஆர்எக்ஸ்இசட்

1998 மார்ச்சில் பதிவான யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிள் ஒன்று 2006-லிருந்து என்னிடம் இருக்கிறது. வாங்கும்போது மீட்டர் 61,000 சொச்சம் காட்டியது. நடுவில் இரண்டு முறை கேபிள் அறுந்து மாதக் கணக்கில் முள் ஆடாமல் கிடந்ததால், இப்போது அது காட்டும் எண்ணை நானே நம்புவதில்லை. சிங்கப்பூரில், ஜூரோங்கில் என்னோடு கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மலாய்க்கார அண்ணன் ஒருவர்தான் முதல் உரிமையாளர். வீட்டில் குழந்தை பிறந்தது, கார் வாங்க முடிவு செய்தார், 1,900 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) என்னிடம் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டார் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. எங்கள் அடுக்குமாடி புளோக் கார் நிறுத்துமிடத்தில் மட்டும் நாலு ஆர்எக்ஸ்இசட் நின்ற காலம் அது. அதைப் பழம்பெரும் வண்டி என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இருபது வருடம் ஓட்டிய அனுபவத்தை எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டிய கதை வேண்டாம், விலைக் கதைதான் வேண்டும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், இங்கே இரண்டையும் பிரிக்க முடியாது.

முதலில் வண்டி. 133 சிசி, டூ ஸ்ட்ரோக், ஆறு கியர், கிக்கர் மட்டும். மலேசியாவில் 1980களின் நடுவில் இறங்கி 2011 வரை விற்ற மாடல். சிங்கப்பூரில் இது ஏன் ஓடியது என்பதற்கு உரிமச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக உரிமம் எடுப்பவருக்கு கிளாஸ் 2பி, அதாவது 200 சிசி வரைதான். அங்கே ஒரு வருடம் காத்திருந்தால் 400 சிசி வரைக்கான 2ஏ, இன்னொரு வருடம் கழித்துத்தான் 400 சிசிக்கு மேல். 200 சிசி என்ற கோட்டுக்குள் எது துள்ளி ஓடும் என்று கேட்டால், அந்தக் காலத்தில் பதில் டூ ஸ்ட்ரோக்தான். ஹோண்டா என்எஸ்ஆர் 150 வாங்க வசதி இருந்தவர்கள் அதை வாங்கினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஆர்எக்ஸ்இசட்.

ஓட்டுவதற்கு எப்படி? இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றும் வரை தூங்குமூஞ்சி. அதற்கு மேலே போனால் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். எடை குறைவு, மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் பாலத்து நெரிசலில் லாரிகளுக்கு நடுவே நுழைத்து எடுக்கலாம். அதே எடைக்குறைவுதான் தீவு விரைவுச்சாலையில் பேருந்து உரசிப் போகும்போது வயிற்றைக் கலக்கும். ஒரு லிட்டருக்கு எனக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் கிடைத்ததில்லை. பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-டி எண்ணெய் தனிச் செலவு. எண்ணெய் டப்பாவில் அளவு பார்க்க மறந்தால் என்ன ஆகும் என்பதை 2011-ல் துவாஸ் பக்கம் கற்றுக்கொண்டேன்: பிஸ்டன் பிடித்து, பின்சக்கரம் பூட்டி, ரோட்டில் கறுப்புக் கோடு போட்டு நின்றது. நல்ல வேளை, பின்னால் வண்டி ஏதும் வரவில்லை. இன்ஜின் சிலிண்டர் பிளாக்கைக் கடைந்து 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டோம். இப்போது 0.50-ல் ஓடுகிறது. இன்னும் இரண்டு முறை கடையலாம் என்கிறார் மெக்கானிக் அங்கிள். அதற்கு அவசியம் வராது என்பதை அவருக்கும் சொல்லிவிட்டேன்.

சரி, விலைக்கு வருவோம்.

ஊரில் பழைய வண்டி விலை பேசினால் முதலில் இன்ஜினைக் கேட்பார்கள், அப்புறம் டேங்கில் பெயின்ட் பழையதா புதியதா என்று பார்ப்பார்கள். இங்கே முதல் கேள்வி, "சிஓஇ எத்தனை வருஷம் இருக்கு?" சிஓஇ என்பது ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ், 1990-ல் வந்தது. ஒரு சான்றிதழின் ஆயுள் பத்து வருடம். முடிந்தால், கடந்த மூன்று மாத ஏலத்தின் சராசரி விலையைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி போய்விடும். ஆகவே எந்தப் பழைய மோட்டார்சைக்கிளின் விலையும் இரண்டு விலைகளின் கூட்டு: காகிதத்தில் மிச்சமிருக்கும் மாதங்களுக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று. 2006-ல் இரும்பின் விலை ஏறக்குறைய முழுத் தொகை, காகிதத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2008 மார்ச்சில் நான் புதுப்பித்தபோது ஆயிரம் வெள்ளிச் சொச்சம்தான் ஆனது. மனைவி அதற்கே முகம் சுளித்தாள்.

வண்டிக்கு மவுசு ஏறியதை நான் கவனித்தது 2013, 2014 வாக்கில். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஒரு பையன் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கி, "அங்கிள், ஸ்டாக் எக்ஸாஸ்ட்டா?" என்று கேட்டான். அதற்கு முன் ஏழு வருடத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அங்கிள் என்று யாரும் கூப்பிட்டதுமில்லை, அதை விடுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்த மற்ற மூன்று வண்டிகள் அதற்குள் உடைக்கப் போய்விட்டன. ஜோகூரில் இதே வண்டிக்குச் சங்கங்கள், ஆர்எக்ஸ்இசட் கூட்டங்கள் என்று காற்று அங்கிருந்துதான் இங்கே வீசியது. உதிரிபாக விலையில் அது உடனே தெரிந்தது. கம்பெனி பிளாக் கிடைப்பதே அரிதானது, போலிகள் வந்தன. வெளிப்பார்வைக்குப் பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் கச்சிதமாக இருக்கும். போர்ட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் வார்ப்பின் பிசிறு நகத்தில் மாட்டும். ஒரு முறை ஏமாந்து, அப்புறம்தான் விரல் விட்டுப் பார்க்கப் பழகினேன்.

2018 மார்ச்சில் இரண்டாவது புதுப்பிப்பு. கட்டிய தொகை 2008-ல் கட்டியதைப் போலப் பல மடங்கு. மவுசு ஏறிய வண்டி, பத்து வருடம் ஓட்டலாம், அப்புறம் இன்னும் ஏறிய விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டினேன். சரியாக அடுத்த மாதம், ஏப்ரலில், அறிவிப்பு வந்தது: 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது. புகைதான் காரணம். அதற்குள்ளாகவே, 2023 ஏப்ரல் 5-க்குள் வண்டியைக் கைவிடுபவருக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை. என் சான்றிதழ் முடிவது 2028 மார்ச்சில். மூன்று மாத வித்தியாசம். அதற்கு மேல் புதுப்பிப்பது பற்றி யோசிக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று.

காரணத்தை நான் குறை சொல்லவில்லை. காலையில் வண்டியைக் கிளப்பினால் மூன்றாம் மாடி வரை நீலப் புகை ஏறும். இரண்டாம் மாடிப் பாட்டி சன்னலைச் சாத்தும் சத்தம்தான் எனக்கு அலாரம். அந்தப் பாட்டிக்கும் நுரையீரல் இருக்கிறது.

ஆனால் விலை அங்கே விழவில்லை. இதுதான் வேடிக்கை. 2022-ல் மோட்டார்சைக்கிள் சிஓஇ பத்தாயிரத்தைத் தாண்டியது, நவம்பரில் 13,000-க்கு மேல் போனது. அந்த வாரம் ஒரு இளைஞர் வந்தார், 2பி உரிமம் எடுத்து ஆறு மாதம். கோப்பிக் கடை மேசையில் கைப்பேசியை வைத்து என் முன்னாலேயே கணக்குப் போட்டார். 2028 மார்ச் வரை 64 மாதம். மொத்தம் 120 மாதம். 13,000-ல் அந்தப் பங்கு ஏறக்குறைய 6,900 வெள்ளி. "இது காகிதத்துக்குண்ணே," என்றார். "வண்டிக்குத் தனியா 2,000." நான் கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஓட்டித் தேய்த்த காகிதத்துக்கு, முழுசாக வாங்கியபோது கொடுத்ததற்கு இணையான காசைத் தர ஒருவர் தயாராக இருக்கிறார். 1,900-க்கு வாங்கிய இரும்புக்கும் 2,000. இன்னொரு பக்கம் ஊக்கத்தொகை வழி: 3,500 வரை, கூடவே சான்றிதழின் மிச்ச மாதங்களுக்கு நான் 2018-ல் கட்டிய விலையில் திரும்பக் கிடைக்கும் கழிவு. எப்படிக் கூட்டினாலும் அன்றைக்கு விற்றிருக்க வேண்டும்.

விற்கவில்லை. விற்றால் வேலைக்குப் போக இன்னொரு வண்டி வேண்டும், அதற்கும் அதே 13,000 ஏலத்தில்தான் நிற்க வேண்டும் என்று வீட்டில் விளக்கம் சொன்னேன். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று அந்த இளைஞர் கிக்கரை மிதித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டிகளுக்குப் புகை அளவு இறுகியது. முதல் சோதனையில் என் வண்டி தேறவில்லை. இது எனக்கு நடந்தது, யாருக்காவது உதவலாம் என்று விவரமாகச் சொல்கிறேன். எக்ஸாஸ்ட் உள்குழாயைக் கழற்றினால் தார் போலக் கரி அப்பியிருந்தது. அதைச் சூடுகாட்டிச் சுரண்டினோம். எண்ணெய் பம்ப் கேபிள் இழுவை தேவைக்கு மேல் இருந்தது, குறியில் வைத்துச் சரிசெய்தோம். கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கி, புது பிளக் போட்டு, புகை குறைந்த ரக எண்ணெய்க்கு மாற்றினோம். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைக்காமல் சூடாகவே வைத்திருந்தேன். தேறியது. இந்தத் தலைவலியில் நிறையப் பேர் அந்த ஆண்டே கைகழுவிவிட்டார்கள். அப்படி எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு விலை ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம். காகிதம் அதற்கு விடவில்லை.

பட்டுக்கோட்டையில் சித்தப்பா மகன் ஒரு ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறான். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரித்த அந்த 98 சிசி வண்டி. பதினைந்து வருடம் முடிந்ததும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி (தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுகிறான். புதிதாக வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு கேட்டு ஆள் வருகிறார்கள். "உன்னோடது என்ன விலைண்ணா போகும்?" என்று போன பொங்கலுக்குக் கேட்டான். சொன்னேன். சிங்கப்பூர்க் காசிலா என்று இரண்டு முறை கேட்டான். அந்த 2,000 வெள்ளி இரும்பு விலைகூட இப்போது பேச்சில் இல்லை. மிச்ச மாதங்களின் கணக்கைப் போட்டு, அதிலும் கொஞ்சம் பேரம் பேசுகிறார்கள். ஆனால் வண்டியை நிறுத்தினால் படம் எடுக்க வருபவர்கள் 2014-ஐ விட இப்போதுதான் அதிகம். விரும்புபவர்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள், வாங்குபவர்கள் இறங்கிக்கொண்டே போகிறார்கள். ஹேண்டில்பாரில் புதிய சாலைக்கட்டணக் கருவியைப் பொருத்தியபோது, அந்தப் பளபளத் திரை 1998-ன் மீட்டருக்குப் பக்கத்தில் நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருந்தது. படம் எடுப்பவர்கள் அதை மட்டும் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இப்போது பழைய வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2003-க்கு முந்தைய டூ ஸ்ட்ரோக்கை ஆசைக்கு வாங்குங்கள், திரும்ப விற்கும் கணக்கோடு வாங்காதீர்கள். விலை நிற்க வேண்டும் என்றால் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2003 ஜூலைக்குப் பிறகு பதிவான ஹோண்டா சூப்பர் ஃபோர் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். ஓட்டுநர் பள்ளியில் இதே வண்டியில் 2ஏ பழகிய ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது, அதன் தயாரிப்பும் 2022-ல் நின்றுவிட்டது. உண்மையான கிழவன் வேண்டுமென்றால் 35 வயது தாண்டியதைத் தேடிப் பழமைவாய்ந்த வாகனத் திட்டத்தில் பதிவு செய்யலாம். 2028 கெடு அதற்கு இல்லை, ஆனால் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். என் வண்டிக்கு 35 வயது ஆவது 2033-ல். அந்த ஐந்து வருட இடைவெளியில் அதை எங்கே ஒளித்து வைப்பது? பதிவு நீக்கினால் ஒன்று உடைக்க வேண்டும், இல்லை வெளிநாட்டுக்கு ஏற்ற வேண்டும். பாலம் தாண்டி ஜோகூரில் விற்றுவிடு என்று சுலபமாகச் சொல்கிறார்கள். மலேசியாவுக்குள் பழைய வண்டியை இறக்குமதி செய்ய அதற்கென்று அனுமதி வாங்க வேண்டும்.

ஜோகூர் மெக்கானிக் இப்போதே முன்பதிவு செய்துவிட்டார். பிளாக் அவருக்கு. இன்ஜின் எண் பொறித்திருப்பது கீழே இன்ஜின் கேஸில்தான், பிளாக்கில் இல்லை என்று எனக்கே எடுத்துச் சொன்னார். உடைக்கக் கொடுக்கும்போது எதையெல்லாம் கழற்றிக்கொள்ளலாம் என்று நான் இன்னும் விசாரிக்க வேண்டும். டேங்கையும் கேட்டார். அதைத் தரமாட்டேன் என்றேன். நாலறை வீட்டில் அதை எங்கே வைப்பீர்கள் என்று மனைவி கேட்டாள். நான் ஏற்கெனவே அளந்துவிட்டேன், வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே சரியாக உட்காரும். பெட்ரோல் வாடை போக எத்தனை நாள் ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி.