வண்டிக்குள் போகும் ஆப்-ஆம்ப்: 358 போதுமா, மேலே போகணுமா?

ராணிப்பேட்டையில் ஆம்பியர் இ-ஸ்கூட்டர் ஆலை, சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியா, பனப்பாக்கத்தில் டாடா என்று பழைய வட ஆற்காட்டில் வண்டித் தொழில் வளர்ந்துகொண்டே போகிறது. கூடவே காட்பாடி மாணவர்களும் சிப்காட் பக்கத்துச் சிறு பட்டறைக்காரர்களும் வண்டிக்கு போர்டு போட இறங்கிவிட்டார்கள். சென்சார் தரும் சிறு வோல்டேஜைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்பைப் பற்றி அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் சார், எல்எம்358 போட்டா ஓடாதா?"

ஓடும். ஆனால் சாதாரண எல்எம்358-க்கு டேட்டா ஷீட் பொறுப்பேற்பது 0 முதல் 70 டிகிரி வரைதான். அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர், அதன் சீட்டுக்கு அடியில் மூடிய கன்ட்ரோலர் பெட்டி, அதற்குள் கொதிக்கும் மாஸ்ஃபெட்டுக்குப் (மோட்டார் கரன்ட்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) பக்கத்தில் இந்த சிப். 70 டிகிரியைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. அதே குடும்பத்தில் வண்டிக்கென்றே இருப்பது எல்எம்2904-கியூ1. மைனஸ் 40 முதல் 125 டிகிரி வரை தாங்கும். வண்டிச் சிப்களுக்கான ஏஇசி-கியூ100 தரத்தில் இது கிரேட் 1. கிரேட் 2 என்றால் 105, கிரேட் 3 என்றால் 85 டிகிரியோடு சரி. நம்மூர் வண்டிக்கு கிரேட் 3-ஐ நான் தொடமாட்டேன். இந்தக் குடும்பம் 1972-இல் நேஷனல் செமிகண்டக்டரில் பிறந்தபோதே காரை மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். ஒற்றை சப்ளையில் ஓடுவதும், உள்ளீடு தரை மட்டம் வரை இறங்குவதும் அதனால் வந்த குணங்கள்.

இதற்குப் போட்டி 5 வோல்ட் சிமாஸ் வகை: டிஎல்வி9062, எம்சிபி6002 போன்றவை. வெளியீடு மேலும் கீழும் சப்ளையை ஒட்டிப் போகும், உள்ளீட்டுக் கரன்ட் மிகக் குறைவு. ஆனால் 5.5 அல்லது 6 வோல்ட்டுக்கு மேல் இவற்றுக்கு வேலையே இல்லை. 12 வோல்ட் பேட்டரி லைன் நேரடியாகப் பட்டால் அதோடு முடிந்தது. எல்எம்2904 அந்த லைனிலேயே உட்காரும். ஜம்ப் ஸ்டார்ட்டில் வரும் 24 வோல்ட்டைத் தாங்கும். ஆனால் அதன் உச்சம் 26 வோல்ட். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி ஒயர் கழன்றால் வரும் லோட் டம்ப், அடக்கிய பிறகும் 35 வோல்ட் வரை எழும். பழைய 2904 என்றால், திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை விழுங்கும் டிவிஎஸ் டயோடு இல்லாமல் விடாதீர்கள். புதிய 2904பி 36 வோல்ட் வரை வேலை செய்யும், ஆஃப்செட்டும் (உள்ளீட்டில் சிப் தானாகச் சேர்க்கும் பிழை வோல்டேஜ்) 7 மில்லிவோல்ட்டிலிருந்து 3-க்கு இறங்கிவிட்டது. இன்று வாங்குபவர் பழையதை வாங்கக் காரணமே இல்லை.

பேட்டரி வெப்பம் பார்க்கும் 10 கிலோ-ஓம் என்டிசி-க்கு (சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் சென்சார்) எது? என்டிசி தரைப் பக்கம் இருக்கும் 5 வோல்ட் டிவைடரில் 25 டிகிரி பக்கம் ஒரு டிகிரிக்கு 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் அசையும். அங்கே 7 மில்லிவோல்ட் ஆஃப்செட் கால் டிகிரிகூட இல்லை. அதற்காகப் பணம் போடுவது வீண். சிக்கல் வேறு இடத்தில். 5 வோல்ட் சப்ளையில் 2904-இன் வெளியீடு சுமார் 3.5-க்கு மேல் ஏறாது. அந்த டிவைடரில் 3.5 வோல்ட் என்பது கிட்டத்தட்ட 7 டிகிரி. அதற்குக் கீழே எவ்வளவு குளிர்ந்தாலும், சென்சார் ஒயரே அறுந்தாலும், மைக்ரோகன்ட்ரோலருக்கு எல்லாம் ஒன்றுதான். வேலூரில் 7 டிகிரி வரப்போவதில்லை என்பீர்கள். ஜனவரியில் அந்த வண்டி ஊட்டிக்குப் போனால்? இங்கே கண்ணை மூடிக்கொண்டு சிமாஸ்.

உண்மையான சண்டை, கரன்ட்டை அளக்க அதன் வழியில் வைக்கும் சிறு ரெசிஸ்டரான ஷண்டில்தான். தரைப் பக்கம் 1 மில்லி-ஓம் ஷண்ட், 50 ஆம்பியர் ஓடினால் கிடைப்பது 50 மில்லிவோல்ட். ஷண்ட் மட்டும் 2.5 வாட் சூடாகும், அதனால் பெரிதாகவும் வைக்க முடியாது. 7 மில்லிவோல்ட் ஆஃப்செட் உள்ள பழைய 2904 இங்கே 7 ஆம்பியர் பொய் சொல்லும். புளி நிறுக்கும் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. டிஎல்வி9062-இன் உச்ச ஆஃப்செட் 1.6 மில்லிவோல்ட், அதாவது 1.6 ஆம்பியர். தன் ஆஃப்செட்டைத் தானே திருத்திக்கொள்ளும் ஜீரோ-டிரிஃப்ட் வகையான ஓபிஏ2333-கியூ1-க்கு 10 மைக்ரோவோல்ட், அதாவது 10 மில்லியாம்பியர். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று கரன்ட்டைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும் போர்டுக்கு இதுதான் ஒரே வழி. சிறு தவறும் மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

ஆனால் அதையே ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புக்கும் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதன் பேண்ட்வித் (வேக வரம்பு) 350 கிலோஹெர்ட்ஸ்; 50 மடங்கு கெயின் வைத்தால் 7 கிலோஹெர்ட்ஸ்தான் மிச்சம். வெளியீடு எழும்பவே 50 மைக்ரோசெகண்ட் ஆகும், அதற்குள் மாஸ்ஃபெட் போயிருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் உள்ள டிஎல்வி9062 அதே கெயினில் 2 மைக்ரோசெகண்டுக்குள் எழுந்துவிடும். கணக்குக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று ஒரே ஷண்டில் இரண்டையும் தொங்கவிடுங்கள். காவலுக்கு, எல்லை தாண்டியதும் சைகை தரும் நல்ல கம்பேரேட்டர் கிடைத்தால் அது இன்னும் மேல்.

ஷண்ட் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் போனால் கதையே மாறும். 13 செல் லித்தியம் பேக் முழு சார்ஜில் 54.6 வோல்ட். ஆப்-ஆம்ப்பும் நான்கு 1 சதவீத ரெசிஸ்டரும் வைத்து ஷண்டின் இரு முனை வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் 20 மடங்கு டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபையர் கட்டினால், இரு முனைக்கும் பொதுவான அந்த 54.6 வோல்ட்டால், ரெசிஸ்டர்கள் மோசமாகப் பொருந்தும்போது உள்ளீட்டில் வரும் பிழை 100 மில்லிவோல்ட்டைத் தாண்டும். அளக்க வந்ததே 50 மில்லிவோல்ட்! 0.1 சதவீத ரெசிஸ்டர் போட்டாலும் 10 ஆம்பியர் தப்பு. எந்த உசத்தி ஆப்-ஆம்ப்பும் இங்கே காப்பாற்றாது. ஐஎன்ஏ240-கியூ1 மாதிரி கரன்ட் அளக்கவே செய்த சிப்பை வாங்குங்கள்: மைனஸ் 4 முதல் 80 வோல்ட் வரை தாங்கும், ரெசிஸ்டர்கள் உள்ளேயே பொருத்தப்பட்டவை, மோட்டார் ஃபேஸில் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் வோல்டேஜ்) குதிக்கும்போதும் நிலை தடுமாறாது. ரீஜென் பிரேக்கிங்கில் கரன்ட் திரும்பி வருவதையும் ரெஃபரன்ஸ் பின்னை நடுவில் கட்டினால் பார்த்துவிடலாம். விலை அதிகம்தான். 2904-ஐயும் நான்கு துல்லிய ரெசிஸ்டரையும் கூட்டிப் பார்த்துவிட்டு அந்தக் குறையைச் சொல்லுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறையாக வாங்கினால் மேலே அச்சடித்த எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். வாடிக்கையாளருக்குப் போகும் போர்டு என்றால் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு எடுங்கள். பரீட்சித்துப் பார்க்க ஒரு வசதி உண்டு: 8 கால் எஸ்ஓஐசி பேக்கேஜில் 2904, 6002, 9062, 2333 நான்குக்கும் கால் வரிசை ஒன்றே. ஒரே போர்டில் மாற்றி மாற்றிச் சால்டர் வைத்து அளந்து பார்க்கலாம். மாற்றும் முன் சப்ளைக்கான 8-ஆவது காலில் 12 வோல்ட் வருகிறதா, 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.