மனைவி ஹூஸ்டனில், இண்டர்வியூ தேதி ஏஜென்ட் மெயிலில்

அமெரிக்காவில் இருக்கும் மனைவியோ கணவரோ மனு போட்டுக் கூப்பிடும், அங்கேயே குடியேறுவதற்கான இமிக்ரண்ட் விசாவுக்கு "இண்டர்வியூ டேட் எடுத்துத் தருகிறோம்" என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் யாராவது சொன்னால், குடித்த டீயோடு எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒரு தேதி விற்பனைக்கே கிடையாது. நான் அதற்கு 35,000 ரூபாய் கொடுத்தவன். அதுவும் எப்படிப்பட்ட தேதிக்கு? ஏற்கெனவே என் பெயருக்கு வந்து, எனக்குத் தெரியாமலேயே முடிந்துபோன தேதிக்கு.

முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எனக்குக் குலசேகரம் பக்கம். ரப்பர், வாழை, கொஞ்சம் மரச்சீனி என்று அப்பாவோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். மனைவி நர்ஸ், ஹூஸ்டனில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அவள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள். 2023 மே மாதம் கல்யாணம். சர்ச்சில் கொடுத்த சான்றிதழோடு நிற்காமல் சார்பதிவாளர் ஆபீசிலும் பதிந்துகொண்டோம். அடுத்த மாதமே அவள் கணவரைக் கூப்பிடுவதற்கான ஐ-130 மனுவை ஆன்லைனில் தானே போட்டாள், 535 டாலர் கட்டினாள். 13 மாதத்தில் அப்ரூவல் வந்துவிட்டது. இதுவரை யாருடைய உதவியும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். புத்தி கெட்டுப்போனது அதற்கு அப்புறம்தான்.

அப்ரூவல் ஆனதும் கேஸ், நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் நேஷனல் விசா சென்டருக்குப் போகும். என்.வி.சி. என்பார்கள். அங்கே ஃபீஸ் கட்டி, டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம் நிரப்பி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அவளுக்கு நைட் டூட்டி, எனக்கு ஆன்லைன் படிவம் என்றாலே பயம். அப்போது சித்தப்பா சொன்னார், "நாகர்கோவில்ல ஒரு ஆளு உண்டுடே, எல்லாம் அவனே பாத்துக்கிடுவான்." போனேன். மாடியில் ஏசி ஆபீஸ், சுவரில் சுதந்திர தேவி சிலை படம், வாசலில் அரசு அங்கீகாரம் பெற்றது என்று போர்டு. அந்த அங்கீகாரம் வளைகுடாவுக்கு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது, இந்த விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது பல மாதம் கழித்து.

சர்வீஸ் சார்ஜ் 45,000. நீலப் பேனாவில் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள், ஜி.எஸ்.டி. நம்பர் கிடையாது. அரசாங்க ஃபீஸ் 325 டாலரும் 120 டாலரும் தனி. அதையும் அவர்களே கட்டுவதாகச் சொன்னார்கள், ஆனால் அமெரிக்க பேங்க் அக்கவுண்டில் இருந்துதான் கட்ட முடியும் என்பதால் கடைசியில் மனைவிதான் கட்டினாள். பிறகு, "எல்லா இடத்திலும் எங்க மெயில் ஐடிதான் போடணும் தம்பி, உங்க மெயில்னா நீங்க பாக்காம விட்டிருவீங்க" என்றார் அந்த ஆள். நான் தலையாட்டினேன். டி.எஸ்-261 என்று சின்னதாக ஒரு படிவம் இருக்கிறது, என்.வி.சி. கடிதங்கள் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் படிவம். அதில் ஏஜென்ட் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். என் மெயில், மனைவி மெயில் இரண்டுக்கும் பதில் அவருடையதே. மொத்தக் கேஸும் அந்த ஒரு பெட்டிக்குள் போய்விட்டது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஸ்கேன் செய்து ஏற்றும் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். 2024 அக்டோபரில் ஆவணங்கள் எல்லாம் சரி, இனி இண்டர்வியூ வரிசையில் காத்திருக்க வேண்டும் என்று மெயில் வந்தது. டி.க்யூ. ஆகிவிட்டது என்பார்கள். அதை மட்டும் உடனே காட்டினார்கள், இனிப்பெல்லாம் கொடுத்தார்கள். கையோடு, "மெடிக்கல் இப்பமே முடிச்சிருங்க" என்று நாகர்கோவிலிலேயே ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பி 7,500 வாங்கினார்கள். எக்ஸ்ரே, ரத்தம், எல்லாம். அதில் ஒன்றுகூட செல்லாது. இந்த விசாவுக்கு அமெரிக்கத் தூதரகம் நியமித்த டாக்டர்கள் செய்தால்தான் உண்டு. நமக்குக் கிட்டத்தில் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். அதுவும் இண்டர்வியூ கடிதம் கையில் வந்த பிறகு. மெடிக்கல் செல்லுபடியாவதே பொதுவாக 6 மாதம்தான், விசாவின் காலாவதியும் அதை ஒட்டித்தான் வரும்.

2025 ஜனவரி 10, பொங்கலுக்கு முந்தின வாரம், அந்த ஆபீசில் இருந்து போன். "தம்பி, மும்பைல நம்ம ஆளு ஒருத்தர் உண்டு. 60,000 ஆகும். பிப்ரவரியிலேயே டேட் எடுத்துரலாம்." ரப்பர் வெட்டு நிற்கப்போகிற நேரம், கையில் அவ்வளவு இல்லை. பொறவு பார்க்கலாம் என்றேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் போன் நின்றுவிட்டது.

ஊரில் சும்மா விடுவார்களா? கடைக்குப் போனால் "எப்பம் பிளேன் ஏறுத?", சர்ச்சுக்குப் போனால் "என்னடே, இன்னும் போவலியா?" மார்ச்சில் பொறுக்க முடியாமல் நானே போய் 35,000 அட்வான்ஸ் கொடுத்தேன். மிச்சம் 25,000 தேதி வந்ததும். "பயப்படாண்டாம் தம்பி, ஒரு மாசத்துல டேட் கையில" என்றார்.

ஏப்ரல் 12, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம். மனைவி நைட் டூட்டி முடிந்து வந்து வீடியோ காலில் கூப்பிட்டாள், முகமே சரியில்லை. அவளோடு வேலை செய்யும் ஒரு பெண், கேஸ் நம்பரும் இன்வாய்ஸ் நம்பரும் இருந்தால் என்.வி.சி. தளத்துக்குள் நாமே போகலாமே, ஏஜென்ட் எதற்கு என்று கேட்டிருக்கிறாள். இன்வாய்ஸ் நம்பர், இவள் ஃபீஸ் கட்டியபோது எடுத்த பிரிண்டிலேயே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கேஸ் என்.வி.சி.யிலேயே இல்லை. பி.எம்.பி. என்று தொடங்கும் எங்கள் கேஸ் நம்பருக்கு நேராக மும்பை அமெரிக்கக் கான்சுலேட்டுக்கு எப்போதோ போய்விட்டதாக இருக்கிறது. மெசேஜ் பகுதியில் ஒரு கடிதம். "அத்தான், பிப்ரவரி 18-ம் தேதி காலைல உங்களுக்கு இண்டர்வியூ இருந்திருக்கு" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

திங்கள்கிழமை சித்திரை ஒன்று, லீவு. செவ்வாய் காலையில் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஆள் இல்லை, முன்னால் உட்காரும் பெண் மட்டும் இருந்தாள். மெயிலைத் திற என்று சித்தப்பா சத்தம் போட்டதில் அவள் பயந்து திறந்துவிட்டாள். என் கேஸ் நம்பரைப் போட்டுத் தேடியதும் ஜனவரி 9-ம் தேதிக் கடிதம் வந்து நின்றது. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்குமே, அப்படி இல்லை. படித்து, பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரமும் குத்தி வைத்திருக்கிறார்கள். ஜனவரி 9 கடிதம், ஜனவரி 10 போன். என் தேதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதை என்னிடமே 60,000-க்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள். நான் வாங்காததால் அழுகவிட்டார்கள். மார்ச்சில் நான் காசோடு போனபோது விற்க அவர்களிடம் ஒன்றுமே இல்லை, இருந்தும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

இவர்கள் பிழைப்பு நடப்பது ஒரு குழப்பத்தில். டூரிஸ்ட் விசா, ஸ்டூடண்ட் விசாவுக்கெல்லாம் ஸ்லாட் நாமே புக் செய்கிறோம், அதனால் "ஸ்லாட் எடுத்துத் தருகிறோம்" என்று ஒரு தொழிலே ஓடுகிறது. அந்தப் பேச்சை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். இமிக்ரண்ட் விசாவில் தேதியை நாம் தேர்ந்தெடுக்கவே முடியாது. டி.க்யூ. ஆன வரிசைப்படி, மும்பையில் எத்தனை இடம் இருக்கிறது என்று பார்த்து என்.வி.சி. தேதி போட்டு மெயில் அனுப்பும். ஜெமினி பாலம் பக்கத்தில் கான்சுலேட் இருக்கிறதே, சென்னையில் முடித்துவிடலாம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இல்லை, நாகர்கோவில்காரனும் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளக்சுக்குத்தான் போக வேண்டும்.

தவறவிட்டால் கேஸ் அன்றைக்கே செத்துவிடாது என்பது ஒரு ஆறுதல். ஆனால் ஒரு வருடம் நாம் எந்தத் தொடர்பும் கொள்ளாமல் இருந்தால் மூடிவிடுவார்கள். மனைவி அன்றைக்கே மும்பை கான்சுலேட்டுக்கு எழுதினாள், மெயில் ஐடிகளை எல்லாம் எங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். பதில் வர மூன்று வாரம். புது தேதி ஜூலை 22 என்று கடிதம் வந்தது ஜூன் 10-ம் தேதி. இந்தத் தடவை என் போனில்.

இடையில் டி.எஸ்-260-ஐ எடுத்து நிதானமாகப் படித்தபோது இன்னொரு வெடி. நான் 2015 முதல் 2018 வரை ஷார்ஜாவில் வேலை பார்த்தவன். படிவத்தில் அது இல்லவே இல்லை. வேறு நாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழ் வேண்டும், அந்த அலைச்சலை மிச்சம் பிடிக்க இவர்கள் ஷார்ஜாவையே தூக்கிவிட்டார்கள். கையெழுத்து என்னுடையது, பொய்யும் என் தலையில்தான் விழும். அலைந்து அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டு, இண்டர்வியூ ஜன்னலில் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். திருத்திக்கொண்டார்கள். சொல்லாமல் இருந்து அவர்களாகக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொரு தேதியும் இருக்கிறது, அதைப் பற்றி அந்த ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைரேகை, போட்டோவுக்கு விசா அப்ளிகேஷன் சென்டரில் இண்டர்வியூவுக்கு முன்னால் தனி அப்பாயிண்ட்மெண்ட். இதை மட்டும் நாமேதான் புக் செய்ய வேண்டும். நான் ஜூலை 21 மும்பையிலேயே எடுத்தேன். ரயிலில் ஒன்றரை நாள் ஆகும் என்று திருவனந்தபுரம் போய் பிளேன் பிடித்தேன்.

மெடிக்கலுக்கு ஜூலை முதல் வாரம் கன்னியாகுமரி எக்ஸ்பிரசில் சென்னை. அங்கே காத்திருந்தபோது தூத்துக்குடி அண்ணன் ஒருவர், எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்ததால் டி.பி. இருக்கிறதா என்று பார்க்க மூன்று நாள் சளி எடுத்து கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவுக்கு 8 வாரம் என்றார். சின்ன வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் டி.பி.) என்று மருந்து சாப்பிட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! கடிதம் வந்த அன்றே மெடிக்கலுக்குப் பதியுங்கள், கடைசி வாரம் வரை வைக்காதீர்கள்.

விசா கிடைத்துவிட்டது. செப்டம்பருக்கு டிக்கெட் போட்டாயிற்று.

போலீசில் புகார் கொடுத்து, புகார் பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியதும் 35,000 மட்டும் திரும்பி வந்தது, அதுவும் மூன்று தவணையில். மீதி 52,500-க்கு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை ஃபீஸ் கிடையாது. துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது. நான் போன பிறகு அப்பா ஆஜராவார்.

போன வாரம் அந்த ஆளே கூப்பிட்டார். அமெரிக்காவுக்குள் நுழையும்போது கல்யாணமாகி இரண்டு வருடம் முடியவில்லை என்றால் 2 வருட கிரீன் கார்டுதான் கொடுப்பார்கள், முடிந்திருந்தால் 10 வருட கார்டு. பிப்ரவரியில் போயிருந்தால் எனக்கு முதல் வகை. இப்போது இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் விசாவிலேயே ஐ.ஆர்.1 என்று, அதாவது 10 வருட கார்டு வகை என்று இருக்கிறது. "பாத்தியளா தம்பி, நம்மளாலதான் உங்களுக்குப் பத்து வருஷ கார்டு" என்று ஆரம்பித்து, அந்த மிச்சம் 25,000 எப்போது கிடைக்கும் என்று கேட்டார். கால் ரெக்கார்ட் ஆகியிருக்கிறது. அதையும் பென் டிரைவில் போட்டு மனுவோடு சேர்த்துவிட்டேன்.